அக்காவின் இலையில் வைத்த மருந்து

கதவைத் திறந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அவர் முகம் உருண்டிருந்தது. ஆயுசு முழுக்கக் கன்னம் ஒட்டி, தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்த மனிதர். தீபாவளிக்கு அவர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வரவில்லை, நானும் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குள் கன்னம் இரண்டும் உப்பி, தோல் பளபளவென்று சிவந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. கையும் காலும் மட்டும் பழைய குச்சிதான். இந்த முகம் எனக்குத் தெரியும். இதே வாசலில், என் அக்காவின் கழுத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறேன்.

"வா மா. கொமுட்டர் ரயில் லேட்டா?" என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மழை பெய்து ஓய்ந்த காலை அது, ஆனாலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"அத்தான், என்ன சாப்பிடுறீங்க?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஒன்னும் சாப்பிடல மா. விரதம்."

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அவள் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டதற்கு அத்தான் சொன்னதும் இதே சொற்கள்தான். "ஒன்னும் சாப்பிடல டாக்டர். விரதம்." அதற்குப் பிறகு அக்கா வீடு திரும்பவில்லை.

அன்றைக்கு நான் கிள்ளானுக்குப் போனதே அக்காவின் திதிக்காகத்தான். போன இடத்தில் இவரையும் பறிகொடுக்கப் போகிறோமோ என்ற பயம் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு முகத்தைப் பார்த்து இவ்வளவு பயப்படுவானேன் என்று கேட்டால், அக்காவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கு முடக்குவாதம். வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பே தன் மூட்டுகளைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிற நோய் என்று டாக்டர் விளக்கினார். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் விரியாது. ரவிக்கை ஊக்கை அத்தான்தான் மாட்டிவிடுவார். தான் போட்ட மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் தன்னாலேயே திறக்க முடியாதது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பாள். யாராவது கை நீட்டினால் சண்டைக்கு வருவாள்.

ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வம்சத்துக்கே கிடையாது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி, அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று போனில் படித்துவிட்டு வந்து சொன்னார். அன்றோடு மாத்திரை அலமாரிக்குப் போனது. பிறகு ஆளுக்கொரு பத்தியம். தக்காளி ஆகாது என்றார் ஒருவர். உளுந்து வாயு என்றார் இன்னொருவர். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பால், கோழி என்று ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போய், கடைசியில் அக்கா கஞ்சியும் இஞ்சிச் சாறும் குடித்துக்கொண்டிருந்தாள். வீக்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை.

அப்போதுதான் பாசார் மாலாமில் அந்த பாட்டில் கிடைத்தது. சாயங்காலம் சாலையோரம் போடுகிற கடைகளில், பொரித்த கோழிக்கும் கைப்பேசி உறைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு மைக். "அக்கா, ஒரே ஒரு வாரம் போட்டுப் பாருங்க லா. கெமிக்கல் இல்ல, எல்லாம் வேரு, பட்டை." பாட்டிலின் மேல் வேர் படம், தாடி வைத்த ஒரு பெரியவர் படம், ஒரு ஹலால் முத்திரை. உள்ளே பழுப்புத் தூள் அடைத்த கேப்சூல்கள்.

அந்த வாரமே அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகத்தில் இருந்தேன். "பேசாத. கேளு," என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவள் சிரித்தாள். "ஊறுகாய் பாட்டில் டீ," என்றாள். "நானே தொறந்தேன்." சின்னப் பெண்ணாக இருந்தபோது சிரித்த மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி டிஷ்யூ நீட்டினாள்.

அடுத்து வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். அக்கா தானே தலை பின்னிக்கொண்டாள். முறுக்கு பிழிந்தாள். சப்பாத்தி மாவைப் பிசைந்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஆள் பூரித்துவிட்டாள் என்றார்கள். முகம் நாளுக்கு நாள் உருண்டது. புருஷன் நன்றாகக் கவனிக்கிறார் போல என்று கல்யாண வீடுகளில் கிண்டல் செய்தார்கள். அத்தான் வெட்கப்பட்டார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தூக்கமில்லாமல் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தாள், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது. சுறுசுறுப்பு என்று நினைத்தோம்.

கை கால் நன்றானதற்கு நன்றிக்கடனாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். விரதம் தொடங்கியது. கோயிலில் அவளோடு விரதம் இருந்த பெண்கள், மீனெண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா, கேப்சூல் ஓட்டை எந்த மிருகத்தின் எலும்பில் செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அங்கே அவர்கள் போட்ட கணக்கை அக்கா என்னிடம் அப்படியே சொன்னாள். "ஹலால்னு போட்டிருக்கு. அப்ப பன்றி இல்ல. பன்றி இல்லைன்னா மாடுதானே? முருகனுக்கு விரதம் இருந்துகிட்டு மாட்டை முழுங்கவா சொல்ற?"

இப்படி ஒரு தர்க்கம் இந்த நாட்டில், எங்கள் ஜனத்துக்கு மட்டும்தான் தோன்றும். அந்த முத்திரையே அச்சடித்தவன் கைவேலையாக இருக்கலாம். யார் கண்டது. "பூசம் முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கறேன், மூலிகைதானே," என்று சொல்லிவிட்டு அக்கா பாட்டிலைச் சாமி அறைக்கு வெளியே எடுத்து வைத்தாள்.

முதலில் வலி வந்தது. வேண்டுதலுக்கான சோதனை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வாந்தி, மயக்கம், குளிர்ந்த வியர்வை. ஒரு வேளைச் சாப்பாட்டினால் வந்த அசதி என்று அத்தான் இளநீர் கொடுத்தார். முருகன் சோதிக்கிறான் என்று பார்க்க வந்தவர்கள் திருநீறு பூசினார்கள். அவள் என்னைப் பார்த்து எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். அங்கேதான் அத்தான் அந்தப் பதிலைச் சொன்னார். நெஞ்சில் சளியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தன. அவளுடைய உருண்ட முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டபோது நேரம் கடந்துவிட்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அந்த டாக்டர்தான் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். என் மகள் வயதிருக்கும், தமிழ்ப் பெண். "அந்தத் தூள்ல ஸ்டீராய்டு கலந்திருக்காங்க ஆன்டி. வெளியிலேர்ந்து வந்துகிட்டே இருந்தா, உடம்பு தனக்கு வேண்டியத சுரக்கிறத விட்டுடும். அப்புறம் திடீர்னு நிறுத்தினா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்." பிறகு, "அதை நிறுத்தாம அப்படியே எங்ககிட்ட கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டுவிட்டார்.

முடிக்காத அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குளிக்கும்போது வரும், கொமுட்டரில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காரும். அந்த பாட்டிலை நிம்மதியாக வெறுக்கக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. அத்தானிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "மூலிகை மா அது. அவ விரதத்துல போனா. எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றார். அவருக்கு அப்படி நம்ப வேண்டியிருந்தது.

பிறகு என் முறை வந்தது. ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனால் பேஸ்ட் மூடி திரும்பவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார்கள். அக்காவுக்கு என்றேன். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்.

நான் டாக்டர் சொன்னதைக் கேட்கிற நோயாளி. பயம் என்னை அப்படி ஆக்கிவிட்டது. அந்த வாராந்திர மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். மற்ற நாள்களில் அதன் கெடுதலைக் குறைக்கிற வைட்டமின். ஈரலுக்கு என்ன ஆகிறது என்று அவ்வப்போது ரத்தம் கொடுக்கிறேன். மீனெண்ணெய் சாப்பிடுகிறேன், ஓடு மாடா மீனா என்று நான் கேட்பதில்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக் டீயை விட்டு எடை குறைத்ததில் முழங்காலுக்குச் சுமை குறைந்தது. வாரத்தில் பல நாள் கெம்போங் மீன் குழம்பு. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிட வேலியில் முடக்கத்தான் கொடி தானாகப் படர்ந்து கிடக்கிறது. பறித்து மாவில் அரைத்துத் தோசை வார்க்கிறேன். அது மூட்டைச் சரிசெய்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். ருசியாக இருந்தால் சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையை விடாதீர்கள் என்றார். மருந்து என்று நீங்கள் நினைக்காததையும் எனக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றும் சொன்னார்.

இவ்வளவும் செய்தால் பிழைப்பு ஓடுகிறது. வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். மழைக்காலக் காலைகளில் என் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, அக்காவின் விரல்கள் சாய்ந்த மாதிரியே. அரிசி களையும்போது தண்ணீருக்குள் தெரிவது அவள் கைதான். பலமுறை திடுக்கிட்டுக் கையை வெளியே எடுத்திருக்கிறேன். வெளியே வந்தாலும் அது அவள் கையாகவே இருக்கும். அப்போதெல்லாம் காதுக்குள் அந்த 'டக்' கேட்கும். ஒரே வாரத்தில் அவள் கை திறந்தது. என் கை மாதக்கணக்கில் கெஞ்சுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போனவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

இனி அந்தத் திதி நாளுக்குத் திரும்புகிறேன்.

அத்தான் என்னை உள்ளே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்காவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்திருந்தார். விரதத்தில் இருப்பவர் திதி கொடுக்கலாமா என்று கோயிலில் யாரோ கேட்டார்களாம். என் பொண்டாட்டிக்குத்தானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். சோறு, சாம்பார், கூட்டு, வடை, பாயசம், மாங்காய் ஊறுகாய். செத்தவர்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். எங்கள் பெரியப்பாவின் இலையில் சிகரெட்டும் கறுப்பு பீரும் இருக்கும். அக்காவின் இலையில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள் குவிந்திருந்தது.

"அது என்ன அத்தான்?"

"அவளோட மருந்துதான் மா. அத சாப்பிட்டப்பதான் அவ சந்தோஷமா இருந்தா." பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "கேப்சூல் ஓட்டைக் கழட்டிட்டு தூளை மட்டும் வெச்சேன். விரத வீடு," என்றார்.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அக்காவும் ஓட்டைக் கழற்றிவிட்டுத் தூளை மட்டும் தின்றிருக்கலாம். இவ்வளவு நாள் எனக்கு அது தோன்றவே இல்லை. இனி அதுவும் என்னோடு கொமுட்டரில் வரும்.

"நீங்களும் சாப்பிட்டீங்கதானே?"

அவர் மறைக்கவில்லை. முட்டி வலி தாங்கவில்லையாம். அதே பாசார் மாலாம் ஆள், இப்போது வாட்ஸ்அப்பில் சொன்னால் வீட்டுக்கே அனுப்புகிறானாம். முட்டி நன்றாகிவிட்டதாம், அதனால் பத்துமலைப் படி ஏற முடிவு செய்தாராம். "அவ எடுக்காம விட்ட பால்குடம் மா. நான் எடுத்துடறேன். விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கே அந்த மருந்தை விட்டுட்டேன். சுத்தமா இருக்கணும்ல." பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. காலையில் வாந்தி எடுத்ததாகவும், எழுந்தால் கண் இருட்டுவதாகவும், அது விரத அசதிதான் என்றும் அவரே சொன்னார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். கிளம்புங்க."

"கற்பூரம் காட்டிட்டு வரேன்."

"அத்தான், அக்கா இப்படித்தான் போனா. அந்த மருந்தை விட்டதாலதான் போனா. உங்களுக்கும் அதேதான் நடக்குது."

"விரதத்துல மருந்து தொடமாட்டேன் மா. போனா அவகிட்டதானே போறேன்." சிரித்தார். அந்த உருண்ட முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அடித்திருப்பேன். கைதான் மடங்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர் கற்பூரத்தைக் காட்டினார். அணைவதற்குள் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், அக்காவின் அதே குளிர். வண்டி இன்னும் வரவில்லை. டாக்டர் முடிக்காமல் விட்ட வாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இலையிலிருந்த அந்தத் தூளை விரலால் வழித்தெடுத்தேன். பாயசக் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினேன். என் அக்காவைக் கொன்ற சனியனை நானே கையில் எடுத்துக் கலக்குகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கரண்டி பிடிக்க வராமல் கிண்ணத்தையே அவர் வாயருகில் கொண்டுபோனேன்.

"மருந்து வேணாம் மா," என்று முகத்தைத் திருப்பினார்.

"மருந்து இல்ல அத்தான். படையல். அக்கா சாப்பிட்ட மிச்சம். வேணாம்னு சொல்வீங்களா?"

படைத்ததை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவர் அக்காவின் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். கடைசிச் சொட்டு வரை குடிக்கும்படி கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே கேள்வியைக் கேட்டார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார்? அத்தான் வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த அந்த பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "இதை நிறுத்திட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால ஒரு கேப்சூல் தூள் கொடுத்தேன்," என்றேன். அந்தத் தூள் என்ன செய்ததோ தெரியாது. நரம்பில் ஏற்றிய ஊசிதான் அவரைக் காப்பாற்றியது. சாயங்காலத்துக்குள் உதட்டில் நிறம் வந்தது. இனி அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார்கள். இந்த வருஷம் படி ஏற முடியாது என்று சொன்னதற்குத்தான் அவர் கண் கலங்கினார்.

நான் கிளம்பும்போது என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப வலிக்குதா மா?" என்றார். "ஒனக்குன்னு ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன். அக்கா படத்துக்குப் பின்னாடி. நீ திட்டுவேன்னு கொடுக்கல." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அன்பு இப்படியும் இருக்கிறது. என்ன செய்ய?

படையலை எடுத்துச் சுத்தம் செய்ய அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். இலையை மடித்தேன், விளக்கைக் குளிர்வித்தேன். பிறகு படத்துக்குப் பின்னால் கை விட்டேன். பாட்டில் புதிது, சீல் பிரிக்காதது. சமையலறைத் தொட்டியில் கொட்டிவிடலாம் என்று மூடியைத் திருகினேன். கொட்டத்தான் திருகினேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். திரும்பவில்லை. துணி சுற்றித் திருகினேன். பல்லால் கடித்துப் பார்த்தேன். வலி தோள் வரை ஏறியது. அக்கா ஊறுகாய் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அதை அப்படியே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் ஒரு இளம் பெண். "இதுல நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க ஆன்டி?"

"ஒன்னும் சாப்பிடல," என்றேன். "திறக்கவே முடியல."

அவள் பாட்டிலை இடது கையில் பிடித்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரே திருகாகத் திருகினாள். 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அக்கா சிரிப்பாள். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.